தோப்பில் கஜு (முந்திரி) வைக்கலாமா? "முன்னோர் மரங்கள்" பட்டியல் பற்றி ஒரு வழக்கு

படுவான்கரையான்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் குளக்கட்டுக்குக் கீழே, வயல் வட்டை தொடங்கும் முன்னர் உள்ள மேட்டு நிலத்தில் இரண்டு ஏக்கர் எங்கள் இளைஞர் கழகத்துக்குக் கிடைத்திருக்கிறது. பழமரத் தோப்பு ஒன்று வைக்கப் போகிறோம். மாரி மழை விழுந்ததும் கன்று நடவேண்டும். மரங்கள் தலையெடுக்கும்வரை இடையில் தானியமும் பயறும் போடலாம் என்று யோசனை. வாசலில் "எம் முன்னோர் வளர்த்த மரங்களும் மணிகளும்" என்று ஒரு பலகை.

எழுதி வைத்த பட்டியல் இது: நாவல், பாலை, வீரை, விளா, இலுப்பை, புளி, மா, பலா, கஜு, கொய்யா, அன்னமுன்னா. இடைப்பயிராக எள், குரக்கன் (கேழ்வரகு), சோளன் (மக்காச்சோளம்), கச்சான் (நிலக்கடலை), பயறு.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "கஜுவை எந்த முன்னோர் வளர்த்தது? போர்த்துக்கேயன் கொண்டுவந்ததற்கு எங்கள் பாட்டன் பெயரில் பலகையா?" என்று கேட்டுவிட்டார். பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் சண்டைக்குப் போனார்கள். தேநீர் ஆறியதுதான் மிச்சம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கஜு இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?

விதைநெல்:
எழுந்து கேட்டவர் யாரென்று தெரியவில்லை. அவருக்கு என் வணக்கம்.

தம்பி, உங்கள் பட்டியலில் பாதி இந்த மண்ணுக்கு உரியதல்ல. கஜு பிரேசிலின் வடகிழக்குக் கரையோர மரம். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பக்கத்துக் கரைகளுக்கும் அவர்கள் காலத்தில்தான் வந்தது. கொய்யாவும் அன்னமுன்னாவும் அமெரிக்கக் கண்டத்துப் பிள்ளைகள். கச்சான் தென் அமெரிக்கா. பொலிவியாவின் தெற்கும் ஆர்ஜென்டீனாவின் வடக்கும் அதன் தாய்வீடு. சோளன் தெற்கு மெக்சிக்கோவில், பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப்புல்லிலிருந்து மனிதர் தெரிந்தெடுத்து உருவாக்கிய பயிர். கொலம்பஸ் 1492-இல் அந்தக் கரையைக் கண்டிராவிட்டால் நம் சந்தியில் வறுத்த கச்சான் விற்கும் அம்மாவுக்கு இன்று வேறு தொழில்.

மட்டக்களப்புப் புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628-இல். பத்து ஆண்டில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். உங்கள் கஜுவின் வயதும் ஏறக்குறைய அந்தக் கோட்டையின் வயதுதான். கோட்டை வாசலிலும் "எம் முன்னோர் கட்டியது" என்று பலகை மாட்டுவீர்களா?

மணல்மேட்டு மகள்:
கோட்டைக்குக் கல் சுமந்தவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள் விதைநெல் அண்ணன். பிறகு பலகையைப் பற்றிப் பேசலாம்.

நான் வாகரைப் பக்கத்தவள். எங்கள் மணலில் நெல் விளையாது, பலா நிற்காது. கஜு நிற்கும். பூ உதிர்ந்து, சித்திரை வைகாசியில் பழம் சிவந்து தொங்கும்போது ஊரே அதன் கீழேதான். உங்களுக்குக் கஜு என்றால் கடையில் பொதி செய்த வெள்ளைப் பருப்பு. எங்களுக்கு அது முழு மரம்.

பழத்தைத் துண்டாக வெட்டி உப்பும் கொச்சிக்காய்த் தூளும் தொட்டுத் தின்போம். சும்மா தின்றால் தொண்டை கரகரக்கும். சாறு சட்டையில் சொட்டினால் அந்தக் கறை சட்டை கிழியும்வரை போகாது. அதற்கென்றே பழைய சட்டை வைத்திருப்போம். கொட்டை முற்றுமுன் பிளந்து எடுக்கும் பச்சைப் பருப்பில் வைக்கும் பாற்கறி இல்லாமல் எங்கள் பகுதியில் ஒரு கல்யாணப் பந்தி எழும்பியதில்லை. அந்தப் பருப்பை எடுப்பது லேசான வேலையல்ல. கோதுக்குள் இருக்கும் எண்ணெய் விரலில் பட்டால் சுடும், தோல் கறுத்து உரியும். கையில் தேங்காய் எண்ணெயைப் பூசி, சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் பிளக்கவேண்டும். என் அம்மம்மாவின் பெருவிரல் நுனி வருடம் முழுவதும் கறுப்பாகவே இருந்தது.

முற்றிய கொட்டையைத் துளையிட்ட தகரத்தில் பரப்பித் தீமூட்டுவோம். கோதின் எண்ணெய் கக்கிக்கொண்டு பற்றி எரியும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்காவிட்டால் அந்தப் புகை கண்ணையும் முகத்தையும் வீங்க வைத்துவிடும். எரிந்தது போதும் என்று தெரிந்த கணத்தில் மணலை அள்ளிக் கொட்டி அணைக்கவேண்டும். கொஞ்சம் பிந்தினால் பருப்புக் கருகும், முந்தினால் கோது உடையாது. அந்தக் கணம் எதுவென்று எனக்குக் கற்றுத் தந்தவள் அம்மம்மா. அவளுக்கு அவள் தாய். அவர்கள் முன்னோர் இல்லையா? எத்தனை தலைமுறை ஆனால் ஒரு மரம் எங்களுடையது ஆகும்? கணக்கைச் சொல்லுங்கள்.

புளியந்தீவுப் பறங்கி:
கஜுவுடன் ஒரே கப்பலில் வந்தவன் நான். என் பெயரையும் பட்டியலிலிருந்து வெட்டப் போகிறீர்களா விதைநெல்?

விதைநெல்:
மனிதருக்கு நான் அளவுகோல் வைக்கவில்லை சேர். உங்கள் ஆட்கள் நானூறு ஆண்டாக இந்த வாவிக்கரையில் பிறந்து இறக்கிறார்கள், நீங்கள் மட்டக்களப்பார். பேச்சு மரத்தைப் பற்றியது. மரத்துக்கு வாக்குரிமை இல்லை, மனமும் புண்படாது. ஆகவே உண்மையைச் சொல்லலாம்.

மணல்மேட்டு மகள், நீங்கள் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் நீங்கள் சொன்னது கஜுவைப் பயன்படுத்திய கதை. பலகையில் இருப்பது முன்னோர் என்ற சொல். படிக்கும் பள்ளிப் பிள்ளை, சோழர் காலத்திலும் இங்கே கஜு இருந்தது என்று எழுதிவிட்டுப் போகும்.

கல்முனை டீச்சர்:
நான் தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். விதைநெல் சொன்ன பிறப்பிடங்கள் சரியானவை. ஆனால் வசதியான இடத்தில் நிறுத்திக்கொண்டார். நான் மிச்சத்தைத் தொடர்கிறேன்.

புளி வெப்பமண்டல ஆபிரிக்காவின் மரம். புளியந்தீவு என்று ஊருக்குப் பெயர் இருக்கிறதே என்று யாரும் சொல்லவேண்டாம். ஊருக்குப் பெயர் வைத்த அன்று மரம் நின்றது என்பதைத் தவிர அதில் வேறு சான்று இல்லை. குரக்கன் கிழக்கு ஆபிரிக்க மேட்டு நிலத்தில், எதியோப்பியா, உகண்டா பக்கத்தில், பயிராக்கப்பட்டது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தென்னாசியாவுக்கு வந்தது. சேனையில் போடும் இறுங்கும் ஆபிரிக்கா; கௌபியும் ஆபிரிக்கா. முருகனுக்கு உகந்த தினை வட சீனத்தில் பயிராகியது. கோயிலுக்குக் குலை குலையாகக் கட்டும் வாழையின் தொட்டில் நியூகினித் தீவு. மாமரம் இந்தியாவின் கிழக்கும் பர்மாவும் சேரும் இடத்தில், பலா மேற்குத் தொடர்ச்சி மலையில். இவை பக்கத்து வீடு என்று சேர்த்துக்கொள்ளலாம்.

நெல்லுக்கு வாருங்கள். அம்பாறை மாவட்டத்தில் இருந்துகொண்டு நெல்லை அந்நியம் என்று சொன்னால் வரம்பிலேயே புதைத்துவிடுவார்கள். ஆனால் நெல்லின் ஒரு கிளை சீனத்தின் யாங்சி ஆற்றங்கரையில் பயிரானது. நம் உலைக்கு வரும் இண்டிக்கா வகை கங்கைச் சமவெளியோடு தொடர்புடையது. இலங்கையில் ஐந்து காட்டு நெல்லினங்கள் உண்டு. அவற்றில் ஒரைசா ரைசோமாட்டிஸ் என்பது உலகில் வேறெங்கும் இல்லை. அது குளக்கரையில் தன் பாட்டில் வளர்கிறது. வட்டையில் அதை விதைத்த போடியார் எவரும் இல்லை.

ஆகவே படுவான்கரைத் தம்பி, "கப்பலில் வந்தது வேண்டாம்" என்று தொடங்கினால் உங்கள் இரண்டு ஏக்கரில் நாவல், பாலை, வீரை, விளா, இலுப்பை, எள், பயறு என்பவையும் பக்கத்து வீட்டு மாவும் பலாவும்தான் மிஞ்சும். எள்ளைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. அது இந்தத் துணைக்கண்டத்தின் சொந்தப் பயிர். ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுக்கிறோமே, அந்த இரண்டும் இந்த மண்ணின் பக்கத்தவை. நம் சடங்குகளில் பழையது எது என்று தேடினால் எண்ணெயும் பருப்பும்தான் கையில் கிடைக்கும்.

வத்தகத்தோட்டம்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் காத்தான்குடிக்காரன், வத்தகப்பழம் பயிரிடுபவன். டீச்சர் என் பயிரை விட்டுவிட்டார். வத்தகையின் நெருங்கிய சொந்தம் சூடானில் இருக்கிறது என்று 2021-இல் மரபணுவைப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நானும் அந்நியப் பொருள் வியாபாரிதான்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் ஊர்ப் பிரதான வீதி நடுவில் பேரீத்த மரங்கள் நிற்கின்றன. வெளியூரார் இறங்கிப் படம் பிடிக்கிறார்கள். அவை அண்மையில் நட்டவை. அவற்றை எங்கள் முன்னோர் மரம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் பேரீத்தம்பழம்? ஒரு பேரீத்த மரத்தைக்கூடக் கண்ணால் காணாத என் மூத்தவாப்பா காலத்திலும் நோன்பு திறந்தது அந்தப் பழத்தால்தான். மரம் இல்லாமலே பழம் மரபாக இருந்திருக்கிறது. விதைநெல் தம்பியின் அளவுகோலில் இதை எந்தப் பக்கம் வைப்பது?

இன்னொன்று. தம்பி இன்று மதியம் தின்ற மீன்கறியில் கொச்சிக்காய் இருந்ததா?

விதைநெல்:
இருந்தது நானா. காரமாகவே இருந்தது. கொச்சிக்காயும் அமெரிக்காவிலிருந்துதான் வந்தது, அதற்கு முன் நம்மவர் கறிக்கு மிளகுதான். தின்கிறேன், அதற்காக அதை முன்னோர் என்று கும்பிடவில்லை. பேரீத்தம்பழத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நல்ல கேள்வி. அது சமயத்தோடு வந்த வழக்கம். அதற்குத் தோப்பு வேண்டியதில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

டீச்சருக்கு: மூவாயிரம் ஆண்டும் நானூறு ஆண்டும் ஒன்றாகுமா? குரக்கன் ஆபிரிக்காவில் பிறந்திருக்கலாம். இங்கே வந்தபின் இந்த மழைக்கும் இந்த வெயிலுக்கும் ஏற்ற இனங்களை நம்மவர் தாமே தெரிந்தெடுத்திருக்கிறார்கள். எந்தச் சேனைக்கு எந்த இனம், எந்த மழைக்கு விதைப்பு, கதிரை எப்படிக் காயவைத்துப் பானையில் அடைத்தால் பூச்சி அண்டாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் என்பதெல்லாம் அந்தத் தானியத்தோடு வளர்ந்த அறிவு. நூறு கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம். தீட்டிய அரிசியில் பத்தோ அதற்குச் சற்று மேலோ. பாலில்லாத வீட்டில் எலும்பைத் தாங்கியது குரக்கன் கூழ். நானூறு ஆண்டில் கஜுவுக்கு என்ன சேர்ந்தது? ஒரு பாற்கறி.

மணல்மேட்டு மகள்:
ஒரு பாற்கறி! அதைச் சமைத்துத் தந்தால் மறுமுறை இப்படி எழுதமாட்டீர்கள்.

அம்மன் கோயிலடி:
சிறு தகவல். எங்கள் கண்ணகி அம்மன் சடங்கில் மடை வைக்கும்போது மா, பலா, வாழையோடு அமெரிக்கக் கண்டத்து அன்னாசியும் வைக்கிறோம். பூசை செய்யும் கட்டாடியார் இதுவரை மறுத்ததில்லை. அம்மனும் மறுத்ததாகத் தெரியவில்லை.

வரம்போரம்:
மரபு மரபு என்று பேசுபவர்கள் பச்சைப்பெருமாள் அரிசியை வாங்குகிறீர்களா? வட்டை முழுவதும் புது இனம். மரபு நெல்லையும் தோப்பில் ஒரு பாத்தி போடுங்கள். என் தகப்பனார் எச்-4 நெல்லைத்தான் "நாட்டு நெல்" என்று சொல்வார்.

கல்முனை டீச்சர்:
எச்-4 பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கலப்பு முறையில் உருவாக்கி 1958-இல் வெளியிட்ட இனம் தம்பி. ஒரு பெற்றோர் உள்ளூர் முருங்கக்காயன், மற்றது இந்தோனேசியாவின் மாஸ். உங்கள் தகப்பனார் விதைத்த காலத்தில் அது புத்தம் புதுசு. ஒரு தலைமுறையில் நாட்டு நெல் ஆகிவிட்டது. மணல்மேட்டு மகள் கேட்ட கணக்குக்கு இது ஒரு விடை.

நெறியாளர்:
நெல்லினங்களுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இருவர் எழுதிய, சாதியையும் சமயத்தையும் இழுத்த பதிவுகளை நீக்கிவிட்டேன். மரத்தைப் பற்றிப் பேசுங்கள்.

சேனைக்காரன்:
பிள்ளைகள் பேசுவதை வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஊர் திருக்கோவில் பக்கம். காடு கண்ட கிழவன். கஜு வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். விதைநெல் தம்பி சொல்லும் காரணத்துக்காக அல்ல.

பாலைப்பழத்தை உங்களில் எத்தனை பேர் தின்றிருக்கிறீர்கள்? வைகாசி, ஆனியில் பழுக்கும். மஞ்சள் நிறம், விரல் நுனியளவு, தேன்போல் இனிப்பு. பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும்; தேங்காய் எண்ணெய் தடவினால்தான் விடும். உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குமணக் காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்களுக்கு அந்த வழியில் பாலையும் வீரையும்தான் சோறு. கரடிக்கும் அவைதான் சோறு. பழம் உதிரும் மரத்தடியில் விடியப்புறம் தனியாகப் போகாதே என்று எங்களுக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள். பழம் மிஞ்சினால் பாயில் பரப்பிக் காயவைத்து எடுத்து வைப்போம். மரத்தின் வைரம் தண்ணீரில் மிதக்காது, அவ்வளவு பாரம். உலக்கைக்கும் தூணுக்கும் அதைத்தான் தேடுவோம். அந்த உலக்கைகள் பேத்தி காலம்வரை கிடக்கின்றன.

வீரைப்பழம் சிவப்பு. சதை கொஞ்சம், கொட்டை பெரிது, ஆனாலும் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

விளாம்பழத்துக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் சர்க்கரை போட்டுப் பிசைந்திருப்பீர்கள். இலுப்பையைச் சொல்கிறேன். வெளவால் பழத்தைத் தின்று கொட்டையை ஓரிடத்தில் துப்பிவைக்கும். விடிந்ததும் பெண்கள் பெட்டியோடு போய்ப் பொறுக்குவார்கள். அந்தக் கொட்டையை ஆட்டி எடுக்கும் எண்ணெய் கோயில் விளக்குக்கும் போனது, அடுப்புக்கும் போனது. பிண்ணாக்கை அரைத்துத் தலை முழுகினோம். வயலோரத்தில் இலுப்பை நின்றால் வெளவால் எச்சமும் உதிர்ந்த இலையும் வயலுக்குப் பசளை. அதனால் போடிமார் அந்த மரத்தில் கத்தி வைக்க விடமாட்டார்கள்.

உங்கள் பட்டியலில் பனிச்சை இல்லை. ஏன்? பழத்தைப் பெரிதாக யாரும் தின்பதில்லை, துவர்ப்பு. ஆனால் காயை இடித்து ஊறவைத்த சாறில் நூல்வலையைத் தோய்த்துக் காயப்போட்டால் வலை உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாது. தோணிப் பலகை இடுக்குக்கும் அந்தப் பசையைப் பூசினார்கள். நைலோன் வலை வந்த அன்று பனிச்சையின் வேலை முடிந்தது. வேலை முடிந்த மரத்தை யாரும் நடுவதில்லை. வெட்டுவது மட்டும் நடக்கிறது.

நான் சொல்வது இதுதான். கஜுக் கன்றை எந்த நாற்றுமேடையிலும் காசு கொடுத்து வாங்கலாம். கொய்யாக் கன்று சந்தையில் விற்கிறது. அவற்றை நட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாலைக் கன்று எங்கே விற்கிறது? வீரைக் கன்று? பனிச்சை? நீங்கள் நடாவிட்டால் வேறு யாரும் நடப்போவதில்லை. இருப்பது இரண்டு ஏக்கர். இடத்தை அவற்றுக்குக் கொடுங்கள்.

விதைநெல்:
ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

மணல்மேட்டு மகள்:
ஐயா சொன்னதற்கு நான் தலைவணங்குகிறேன், விதைநெல் அண்ணன் வழிமொழிவதற்கு இல்லை. அவர் பேசியது கஜு எந்தக் கப்பலில் வந்தது என்று. ஐயா பேசுவது எந்த மரத்துக்கு ஆளில்லை என்று. இரண்டும் வேறு.

ஆனாலும் ஐயா, ஒரு கேள்வி. பாலை எத்தனை ஆண்டில் காய்க்கும்? மிக மெதுவாக வளரும் மரம். இன்று நடும் இளைஞர் தாத்தா ஆகும்போது பழம் தின்னலாம். நாலாம் ஆண்டில் கஜு பழுத்துவிடும், கொய்யா அதற்கு முன். ஊர்ப் பிள்ளைகள் நாலு ஆண்டுக்குள் அந்தத் தோப்புக்குள் நுழைந்து எதையாவது பறித்துத் தின்னாவிட்டால், ஐந்தாம் ஆண்டு அந்த இரண்டு ஏக்கர் மாடு மேயும் தரவையாகிவிடும். வேலி விழுந்தால் கட்ட யாரும் வரமாட்டார்கள். உங்கள் பாலைக்குக் காவல் நிற்பதே எங்கள் கஜுதான்.

இன்னொன்று. அந்நியப் பயிர் என்று முகம் சுளிப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 1974-ஐப் பற்றிக் கேளுங்கள். அரிசி இல்லை, மா இல்லை, மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகத் தடை. நெல் விளையும் மாவட்டத்தில் இருந்தும் நாங்கள் வாகரை மணலில் என்ன தின்றோம்? மரவள்ளிக்கிழங்கு. ஒல்லாந்தர் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவந்து நட்ட பிரேசில் கிழங்கு. அவித்து, கட்டச்சம்பலோடு. அன்று ஒரு தட்டு மரவள்ளிக்கு முன்னால் எந்த நாட்டுக் கிழங்கு இது என்று எவரும் கேட்கவில்லை.

சேனைக்காரன்:
கேட்கவில்லை மகள். நானும் தின்றவன்தான். காவல் என்று சொன்னாயே, அது யோசிக்கவேண்டியது.

1978 கார்த்திகைச் சூறாவளி நினைவிருப்பவர்கள் இங்கே இருப்பார்கள். ஒரே இரவில் கரையோரத் தென்னந்தோட்டங்கள் படுத்தன. எங்கள் வளவில் கஜுவும் வேரோடு போனது, மாவும் முறிந்தது. பின்வளவில் நின்ற பாலையும் புளியும் கொப்புகளை இழந்து நின்றன. தோப்பு வைப்பவர்கள் மேற்குப் பக்கமும் வடக்குப் பக்கமும் வைர மரங்களை வையுங்கள்.

கல்முனை டீச்சர்:
பாலை காய்க்கும் காலத்தைப் பற்றி ஒரு செய்தி. சப்போட்டாவும் பாலையும் ஒரே பேரினம், இரண்டும் மனில்கரா. சப்போட்டா மெக்சிக்கோப் பக்கத்து மரம். ஆனால் இந்தியாவில் சப்போட்டா ஒட்டும்போது அடிமரமாக வைப்பது பாலை நாற்றைத்தான். வேர் இந்த வறட்சிக்குத் தாங்கும். பாதிப் பாலைக் கன்றுகளை அப்படியே விட்டுவிட்டு, சிலவற்றில் சப்போட்டா ஒட்டினால் சில ஆண்டுகளில் பிள்ளைகளுக்குப் பழம் கிடைக்கும்.

விதைநெல்:
டீச்சர், நான் கஜுவையாவது ஒருநாள் பொறுத்துக்கொள்வேன். பாலையின் தலையை வெட்டி அந்த இடத்தில் மெக்சிக்கோவைக் குந்தவைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

வத்தகத்தோட்டம்:
தம்பி, ஒட்டின சப்போட்டாவில் முதல் பழம் உங்களுக்குத்தான். நானே பறித்துக்கொண்டு வருகிறேன்.

படுவான்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மீண்டும் கூடினோம். இங்கே எழுதியவற்றை அச்செடுத்து வாசித்தோம். முடிவானது இவ்வளவு.

குளப்பக்கம் ஒன்றரை ஏக்கர் பாலை, வீரை, விளா, நாவல், இலுப்பை, புளி, பனிச்சை. புளிக்குக் கீழே எதுவும் உருப்படாது என்று ஊரில் சொல்வதால் அதை மூலைக்குத் தள்ளிவிட்டோம். மேற்கிலும் வடக்கிலும் பாலையும் இலுப்பையும் வரும். வீதிப்பக்கம் மணல் கலந்த அரை ஏக்கரில் கஜு, கொய்யா, மா. சோளனும் கச்சானும் அந்த அரை ஏக்கருக்குள்; எள்ளும் குரக்கனும் பயறும் பெரிய பக்கத்தில். ஒட்டுச் சப்போட்டா இரண்டு, பரீட்சைக்கு. விதைநெல் அண்ணன் கோபிக்கவேண்டாம்.

பலகைதான் முடியவில்லை. "முன்னோர்" என்ற சொல்லை எடுக்க மூத்தவர்கள் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் சிறு பலகையில் எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று எழுதலாம் என்று ஒரு யோசனை. டீச்சர் எழுதித் தந்தால் நல்லது. கஜுவுக்கு மணல்மேட்டு அக்கா எழுதவேண்டும்.

விதைநெல்:
சிறு பலகை சரி. குரக்கனுக்கும் புளிக்கும் பிறப்பிடத்தை மறைக்காமல் எழுதுங்கள், நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் கஜு நிற்கும் அரை ஏக்கர் வீதிப்பக்கம் என்றால் வருபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். வாசலைக் குளப்பக்கம் மாற்றுங்கள்.

மணல்மேட்டு மகள்:
மாற்றினாலும் வாசம் வீதிவரை வரும் அண்ணன்.

எல்லைக்கிராமம்:
பிந்தி வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பக்கம் யானைத் தொல்லை. விளாவும் பாலையும் வீரையும் குளக்கரையில் வைக்கிறீர்கள். யானை வராதா?

சேனைக்காரன்:
வரும் தம்பி. விளாம்பழத்துக்குக் கட்டாயம் வரும். கஜுப் பழத்துக்கும் வரும். கனிந்த வாசம் பட்டால் யானை எந்த நாட்டு மரம் என்று விசாரிப்பதில்லை. குளத்துக்கு யானை இறங்கும் வழி எது என்று வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாரிடம் கேளுங்கள். அந்த வழியை மறிக்காமல் விளாவை மற்றக் கரைக்குக் கொண்டுபோங்கள். பழம் உதிரும் மாதங்களில் பொழுது சாய்ந்தபின் பிள்ளைகளை உள்ளே விடவேண்டாம். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள்.

படுவான்கரைத் தம்பி, வேலிக்குக் காசு எவ்வளவு சேர்ந்திருக்கிறது? அதைச் சொல்லாமல் கன்று வாங்க இறங்கவேண்டாம். பாலை விதை வேண்டுமென்றால் வருகிற ஆனியில் எங்கள் பக்கம் வாருங்கள். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கழுவிக் காயவிடாமல் உடனே முளைக்கப் போடவேண்டும். சாக்கு ஒன்று கொண்டுவாருங்கள், எண்ணெய்ப் போத்தலும் ஒன்று.